ஏரிக்கரையில் ஒரு வாரக் குடித்தனம்

பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. "கொடைக்கானலுக்குப் போகலாம் அப்பா!" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்பா கணக்குப் போடுகிறார்.

மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார், நாத்தனார். ஆக ஏழு பேர். ஓட்டலில் தங்கினால் மூன்று அறையாவது வேண்டும். காலைக் காபியில் தொடங்கி இரவுச் சாப்பாடு வரை எல்லாம் காசு. மூன்று நாளில் கை காலியாகிவிடும்.

அதனால் பல குடும்பங்கள் இப்போது வேறு வழி கண்டுபிடித்திருக்கின்றன. ஏரிப் பக்கமாக ஒரு வீட்டையே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கட்டில், கம்பளி, கேஸ் அடுப்பு, பாத்திரம் எல்லாம் வீட்டிலேயே இருக்கும். சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போகவேண்டியதுதான். நாள் கணக்கில் வாடகை.

நல்ல ஏற்பாடு. செலவும் குறையும். பாட்டி தன் இஷ்டப்படி படுக்கலாம். பிள்ளைகள் கூச்சல் போடலாம். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டமாட்டார்.

ஆனால், இதில் ஒரு சிக்கல் உண்டு. வீடு என்றால் அடுப்படி உண்டு. அடுப்படி என்றால் அம்மா உண்டு! ஏழு பேருக்கும் விடுமுறை என்று புறப்பட்டு, ஆறு பேருக்கு மட்டும் விடுமுறை கிடைத்தால் அது என்ன நியாயம்?

அதைப் பிறகு பார்ப்போம். முதலில் இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று பாருங்கள்.

காய்ச்சலுக்குப் பயந்து ஏறியவர்கள்

கொடைக்கானலில் விடுமுறை வீடு என்பது உல்லாசத்துக்காகப் பிறந்தது அல்ல. உயிருக்குப் பயந்து பிறந்தது.

1834-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் மதுரைக்கு வந்து பள்ளிக்கூடங்கள் தொடங்கினார்கள். அவர்களுக்கு நம் ஊர் வெயில் புதிது; நம் ஊர்க் காய்ச்சலும் புதிது. மலேரியாவும் காலராவும் அவர்களை வாட்டி எடுத்தன. பெரியவர்களும் குழந்தைகளும் இறந்தார்கள்.

எங்கேயாவது குளிர்ந்த இடத்துக்குப் போனால் பிழைக்கலாம் என்று முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. காய்ச்சலைக் கொண்டுவருவது கெட்ட காற்று என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். கொசுதான் குற்றவாளி என்று ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது 1897-ல்தான். சிறுமலையின் உயரம் கொசுவை விரட்டப் போதவில்லை. பழனி மலை அதைவிட உயரம்.

1845-ல் பழனி மலை உச்சியில் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். கொடைக்கானலின் முதல் விடுமுறை வீடுகள் அவைதாம்.

அப்போது மோட்டார் ரோடு ஏது? பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பு வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் குதிரை, அல்லது டோலி, அல்லது கால்நடை. டோலியில் துரையும் துரைசாணியும் உட்கார்ந்திருப்பார்கள். தூக்கிக்கொண்டு செங்குத்தான பாதையில் ஏறியவர்கள் நம் ஆட்கள்! மூட்டை முடிச்சு, மேசை, நாற்காலி, பீங்கான் தட்டு எல்லாம் தலைச்சுமையாகவே மேலே போயின. மலைப்பாதை மோட்டார் போக்குவரத்துக்குத் திறந்தது 1916-ல்.

கலெக்டர் கட்டிய ஏரி

ஏரி அப்போது கிடையாது. நடுவில் ஓர் ஓடையும் சதுப்பு நிலமும்தான் இருந்தன.

லெவிஞ்ச் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி, மதுரை ஜில்லா கலெக்டராக இருந்தார். 1863-ல் அவர்தான் அந்த ஓடைக்குக் குறுக்கே கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார். ஏரியில் மீன் விட்டார். தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கொடைக்கானலிலேயே குடியேறிவிட்டார். அவர் பேரைச் சொல்லும் நினைவுச் சிலுவை ஒன்று ஏரிப் பக்கத்தில் நிற்கிறது.

ஏரியின் பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றிவரும் ரோடு சுமார் 5 கிலோ மீட்டர். நட்சத்திரம் மாதிரி கை கையாகப் பிரிந்து கிடக்கும். அதனால் ஒரே இடத்தில் நின்று முழு ஏரியையும் பார்க்க முடியாது. ஒரு திருப்பத்தில் ஏரி முடிந்துவிட்டது என்று தோன்றும். அடுத்த திருப்பத்தில் மறுபடி தொடங்கும்! பிள்ளைகளோடு நடந்து சுற்றினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் குதிரைக் கூட்டமும் வாடகை சைக்கிள் கூட்டமும் இராது. தண்ணீர் மேல் பனி ஆவி மாதிரி எழும்பிக்கொண்டிருக்கும்.

"ஏரி தெரியும் வீடு"

இப்போது வீடு பிடிக்கும் விஷயம்.

விளம்பரத்தில் ஏரிப் படம் போட்டிருக்கும். அந்த ஏரி வீட்டு வாசலிலிருந்து தெரியுமா, இரண்டு மைல் தள்ளிப் போனால் தெரியுமா என்பதைக் கேட்டால்தான் தெரியும்! ஆகவே, கேளுங்கள். வெட்கப்படவேண்டாம். ஏரிக்கு எத்தனை நிமிட நடை? பாட்டி ஏறும்படியாகப் படிக்கட்டு இருக்கிறதா? வெந்நீர் வருமா? சீசன் நாட்களில் மலையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வருவதுண்டு. "தொட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்குமா, லாரியை எதிர்பார்க்கவேண்டுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

இன்டர்நெட்டில் அழகான வீட்டுப் படத்தைக் காட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். குடும்பத்தோடு மலை ஏறிப் போனால் அந்த விலாசத்தில் வீடே இராது. ஆகவே, முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள். தெரிந்தவர் ஒருவர் தங்கி வந்த வீடாக இருந்தால் உத்தமம். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தாமதம் ஆக ஆகப் பணம் கைமாறிப் போய்விடும்.

வீட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்பதும் முக்கியம். கொடைக்கானலில் அனுமதி இல்லாமல் கட்டிய பல கட்டடங்களுக்குக் கோர்ட்டு உத்தரவுப்படி சீல் வைத்திருக்கிறார்கள். பெட்டியோடு போய் இறங்கும் நாளில் வாசலில் சீல் இருந்தால் யாரிடம் முறையிடுவது?

இன்னொன்று. சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் எடுக்கவேண்டும் என்று ஆயிற்று. 2025 ஏப்ரலில் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு கட்டினார்கள். கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி. சனி, ஞாயிறில் 6,000 வண்டி. வீட்டுக்குப் பணம் கட்டும் முன்பே பாஸ் விஷயத்தை விசாரித்து முடித்துவிடுங்கள்.

வேகாத பருப்பு

சரி, வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடுகிறார்கள். அம்மா அடுப்படிக்குப் போகிறாள்.

முதல் நாளே திண்டாட்டம்! வழக்கம்போல் பானையில் அரிசி போட்டால் வேகமாட்டேன் என்கிறது. பருப்பு கல் மாதிரி கிடக்கிறது. "மலைத் தண்ணீர் ஆகாது போலிருக்கே" என்று மாமியார் சொல்வாள்.

தண்ணீர் மேல் குற்றம் இல்லை. கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கீழே 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அங்கே சுமார் 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். பார்ப்பதற்குக் கொதிதான், சூடு குறைவு. அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பானையில் சூடு ஏறாது. கேஸ்தான் தீரும்.

பிரஷர் குக்கர் ஒன்றுதான் வழி. அது ஆவியை உள்ளேயே அடைத்து அழுத்தத்தைக் கூட்டும், சூடும் ஏறும். வீட்டில் குக்கர் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இல்லாவிட்டால் கையோடு கொண்டுபோங்கள். ஊரில் வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதலாக வையுங்கள். பருப்பை முன்கூட்டியே ஊறப்போட்டால் இன்னும் சுலபம்.

இட்லி மாவு அரைத்தால் குளிரில் பொங்காது. பால் உறையாது. தேங்காய் எண்ணெயோ சீசாவுக்குள்ளேயே கட்டியாகிவிடும்! கெட்டுப்போயிற்று என்று கொட்டிவிடாதீர்கள்; வெந்நீரில் சீசாவை நிறுத்தினால் உருகிவிடும். மாவுப் பாத்திரத்தையும் தயிர்ப் பாத்திரத்தையும் கம்பளியால் சுற்றி, அடுப்பு அணைந்த பிறகு அதன் பக்கத்தில் வைத்தால் காலைக்குள் ஓரளவு வந்துவிடும். உருளைக்கிழங்கு சிப்ஸ் பொட்டலம் மலை ஏறும்போது பலூன் மாதிரி உப்பிவிடும். இதுவும் அழுத்தம் குறைவதன் விளையாட்டுதான். பிள்ளைகளிடம் காட்டுங்கள், பாடப் புத்தகத்தைவிட நன்றாக மனதில் பதியும்.

அம்மாவுக்கு எப்போது விடுமுறை?

இரண்டாம் நாள் காலை. ஏழு பேருக்கும் இட்லி, சட்னி, காபி ஆயிற்று. பாத்திரம் மலை மாதிரி குவிந்திருக்கிறது. தண்ணீரோ ஐஸ் மாதிரி ஜில்லிடுகிறது. "சீக்கிரம் கிளம்பு, படகுத் துறையில் கூட்டம் வந்துவிடும்" என்று கணவர் அவசரப்படுத்துகிறார்.

"நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் மத்தியானச் சமையலைப் பார்க்கிறேன்" என்கிறாள் அவள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பழக்கத்தில் சொல்கிறாள். அதுதான் வருத்தம்.

இந்த இடத்தில் நல்ல மாமியாராக இருந்தால் மகனைக் கூப்பிட்டுக் கேட்பாள்: "ஏண்டா, ஊரிலேயும் அடுப்படி, மலை ஏறி வந்தும் அடுப்படியா? இதுக்கா இவ்வளவு பணம் கட்டினே?"

கேட்கவேண்டிய கேள்வி! ஓட்டலைவிட வீடு மலிவு என்று அப்பா போட்ட கணக்கில், அம்மாவின் உழைப்புக்குக் காசு சேரவில்லை. சேர்த்துப் பார்த்தால் வீடு அவ்வளவு மலிவு இல்லை.

இதற்காக வீடு எடுக்கும் யோசனையையே விட்டுவிடவேண்டியதில்லை. சமையலைப் பாதியாக்கினால் போதும். காலையில் மட்டும் வீட்டில் சமைப்பது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடைவீதி மெஸ். இரவுக்கு ரொட்டியோ உப்புமாவோ எளிதாக ஏதாவது ஒன்று என்று புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துவிடலாம். சில வீடுகளில் காவல்காரரின் குடும்பமே காசுக்குச் சமைத்துக் கொடுப்பார்கள். நாலு நாளாவது அப்படி ஏற்பாடு செய்யுங்கள்.

வெங்காயம் நறுக்க ஆண்களுக்குக் கை இல்லையா? மூத்த பையன் பாத்திரம் துலக்கட்டும். சின்னவள் துடைத்து அடுக்கட்டும். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்துப் பார்த்தால்தான் அம்மாவின் அருமை பையனுக்குத் தெரியும். காலைக் காபியை அப்பா போடட்டும். முதல் நாள் காபி வாயில் வைக்க முடியாதபடிதான் இருக்கும். இருக்கட்டுமே!

கரி அடுப்பு எமன்

தாய்மார்களே, இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

இரவில் குளிர் வாட்டும். ஜன்னல் கதவெல்லாம் இறுக அடைத்துவிட்டு, குளிர் காய்வதற்குக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள்! வெளியே கறி சுட்ட அடுப்பில் கங்கு மிச்சம் இருந்தாலும் உள்ளே கொண்டுவராதீர்கள்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு வரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. மூடிய அறையில் அது சேர்ந்துகொண்டே போகும். முதலில் தலைவலி, மயக்கம். தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொடைக்கானலுக்கு உல்லாசமாகப் போனவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

காற்று வராத குளியலறையில் இருக்கும் கேஸ் கீசரும் அப்படித்தான். குளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். குளிருக்குக் கம்பளி இருக்கிறது. இரண்டு கம்பளியாகக் கேட்டு வாங்குங்கள்.

அழகுத் தண்ணீர்

ஏரிக்கு அருகில் வீடு என்றால், பிள்ளைகள் மேல் ஒரு கண் இருக்கவேண்டும். ஏரியின் அடியில் சேறு. மேலே பாசியும் கொடியும். குளிக்கும் இடம் அல்ல.

படகில் போவதானால் உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். "வெறும் அரை மணி நேரம்தானே, படம் எடுத்தால் அழகாக இராது" என்று கழற்றிவிடுகிறவர்கள் தேக்கடியை நினைத்துக்கொள்ளவேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே ஏரியில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களும் விடுமுறைக்கு வந்தவர்கள்தான்.

சாயங்காலத்தில் காட்டு மாடுகள் ஊருக்குள்ளேயே வரும். சாது மாதிரி நிற்கும். கிட்டப் போய்ப் படம் எடுக்காதீர்கள்.

ஒன்றும் செய்யாமல்

பார்க்கவேண்டிய இடங்களைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கோக்கர் நடைபாதை, பிரையண்ட் பூங்கா, குறிஞ்சி ஆண்டவர் கோவில், தூண் பாறை எல்லாம் எங்கும் ஓடிவிடாது. குறிஞ்சிப் பூ 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான். "ஒரே நாளில் பன்னிரண்டு இடம் பார்த்தோம்" என்று பெருமைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பார்த்தது முன்னால் நின்ற வேனின் பின்பக்கத்தைத்தான்!

ஏரிப் பக்கம் வீடு எடுத்துவிட்டு நாள் முழுதும் வேனில் அலைவது வீண். மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கும். எதிர் வீடு மறையும், ஏரி மறையும், பிறகு தூறல். அந்த நேரத்தில் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காருங்கள். பாட்டி தாயக்கட்டம் போடட்டும். பிள்ளைகள் பல்லாங்குழி ஆடட்டும். செல்போனை இரண்டு மணி நேரம் அலமாரியில் வைத்துவிடுங்கள். வேர்க்கடலை வறுத்துத் தரவேண்டியது அப்பாவின் பொறுப்பு. அம்மா தூங்கினால் எழுப்பாதீர்கள்.

சாவியைக் கொடுக்கும் நாள்

கடைசி நாள் காலையில் வீட்டைப் பெருக்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். காவல்காரருக்கும், துணி துவைத்த அம்மாளுக்கும் கையில் ஏதாவது கொடுங்கள். சீசன் இரண்டு மாதம் போனால் அவர்களுக்கு வருமானம் மெலிந்துவிடும். மலைப்பூண்டு வாங்குவதானால் வாங்குங்கள். கொடைக்கானல் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

குப்பையை என்ன செய்வது? ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாடு முழுவதும் தடை. மலையில் கெடுபிடி இன்னும் அதிகம். அப்படியும் ஏரி ஓரத்தில் பொட்டலங்கள் மிதக்கத்தான் செய்கின்றன. பிஸ்கட் உறை, சிப்ஸ் உறை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வண்டியிலேயே கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

வத்தலகுண்டு ரோட்டில் இறங்கும்போது, ஊரைத் தாண்டிச் சுமார் 8 கிலோ மீட்டரில் வெள்ளி அருவி வரும். பாறையில் 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. எல்லா வண்டிகளும் அங்கே நிற்கும். உங்கள் வண்டியும் நிற்கும். அங்கே விழுவது வேறு தண்ணீர் அல்ல. ஒரு வாரம் திண்ணையில் உட்கார்ந்து நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே ஏரியின் தண்ணீர்தான்.